மைக்ரோபிட்எக்ஸ் ரேடியோவில் ஹார்மோனிக் கசிந்த வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

2017ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஹைதராபாத்திலிருந்து ஒரு ரேடியோ போர்டு உலகெங்கும் உள்ள ஹாம்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், மேசைக்குப் போய்ச் சேரத் தொடங்கியது. அப்போது விலை 109 டாலர். 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லா ஹாம் பேண்டுகளிலும் எஸ்எஸ்பியில் (ஒற்றைப் பக்கப் பட்டையில் பேச்சை அனுப்பும் முறை) பேசலாம், மோர்ஸ் அனுப்பலாம். கீழ் பேண்டுகளில் சுமார் 10 வாட் வெளியே வரும். பெயர் மைக்ரோபிட்எக்ஸ். வடிவமைத்தவர் அஷர் ஃபர்ஹான், கால்சைன் வியு2ஈஎஸ்ஈ. சர்க்யூட் படம், மென்பொருள் இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம்.

2018ல், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்திருந்த ஹாம்கள் அந்த போர்டை அளந்து பார்த்தார்கள். இரண்டு குறைகள் வெளியே வந்தன. கீழ் பேண்டுகளில் ஹார்மோனிக், அதாவது பேசும் அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கில் கிளம்பும் சிக்னல், போதிய அளவு அடங்கவில்லை. மேல் பேண்டுகளில், பேசும் அலையோடு சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்தில் ஒரு ஸ்பர், அதாவது வேண்டாத சிக்னல், கிளம்பியது. இந்த இரண்டும் ஏன் வந்தன, கையில் மூன்றாம் அல்லது நான்காம் பதிப்பு போர்டு வைத்திருப்பவர் அதை எப்படி அளப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்த ஆய்வு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபில்டரின் காயில், கெப்பாசிட்டர் கணக்கு சரியாகவே இருந்தது. சிக்னல் ஃபில்டருக்குள் நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் ஒரே ரிலேவின் வயிற்றுக்குள் இருந்தன. முதல் குறை அங்கேதான் பிறந்தது.

குழாய் வாஷரிலிருந்து வந்த வடிவம்

மைக்ரோபிட்எக்ஸுக்கு ஒரு முன்னோடி உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஃபர்ஹான் வெளியிட்ட பிட்எக்ஸ்20 அது. 14 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும், 6 வாட் தரும் எஸ்எஸ்பி டிரான்ஸீவர். இந்தியாவில் ஒரு சிற்றூரில் டிவி பழுது பார்க்கும் கடையில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். டொராய்டு (காயில் சுற்றும் வளையக் கோர்) கிடைக்காத ஊரில் என்ன செய்வது? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே ஃபார்மராக வைத்துக் காயில் சுற்றச் சொன்னது அந்த வடிவமைப்பு. மிக்ஸர் டிரான்ஸ்ஃபார்மருக்கு டிவி ஆன்டெனாவின் பாலன் கோர். இறுதிக் கட்டத்துக்கு ஐஆர்எஃப்510 என்ற மலிவான மாஸ்ஃபெட், அதாவது பவர் சப்ளைக்காகத் தயாரான ஒரு ஸ்விட்ச். 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் நான்கை வைத்து ஏணி ஃபில்டர், 4 மெகாஹெர்ட்ஸை ஒட்டி விஎஃப்ஓ, அதாவது டியூன் செய்யும் ஆஸிலேட்டர். இரண்டும் சேர்ந்தால் 14.

பிட்எக்ஸ் என்ற பெயரின் பொருள் இரு திசை. எஸ்எஸ்பி ரிக் (ரேடியோ கருவி) ஒன்றில் அதிகப் பாடுபட்டுச் செய்ய வேண்டியது கிறிஸ்டல் ஃபில்டரும் மிக்ஸர்களும். அவை எந்தப் பக்கம் சிக்னல் போனாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஆகவே கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த்திசையிலும் அதே ஃபில்டர் வழியே சிக்னலை அனுப்பினால் பாதிப் பாகங்கள் மிச்சம். இடையிலுள்ள ஆம்ப்ளிஃபயர்களை மட்டும் எதிரெதிராக இரட்டையாக வைத்து, கேட்கும்போது ஒன்றுக்கும் பேசும்போது மற்றதற்கும் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். ஒரு சுவிட்சு போதும்.

மைக்ரோபிட்எக்ஸ் இதே எண்ணத்தை எல்லா பேண்டுக்கும் விரித்தது. பேண்டுக்கு ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் வைத்தால் செலவு ஏறும், டியூன் செய்யவும் கருவி வேண்டும். அதைத் தவிர்க்க முதல் ஐஎஃபை, அதாவது சிக்னலை முதலில் மாற்றும் இடை அதிர்வெண்ணை, 45 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கினார் ஃபர்ஹான். 7.1ல் இருக்கும்போது முதல் ஆஸிலேட்டர் 52.1 மெகாஹெர்ட்ஸ். அதன் இமேஜ், அதாவது தவறுதலாக அதே 45க்கு மாறிவிடும் இன்னொரு அதிர்வெண், 97.1ல் விழும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் விடாத ஒரே ஒரு லோபாஸ் ஃபில்டர் அத்தனை பேண்டுக்கும் அதைத் தடுத்துவிடுகிறது. பிறகு 45லிருந்து 12 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, எட்டு கிறிஸ்டல் ஏணி ஃபில்டரில் சைட்பேண்டைப் பிரிக்கிறது. இரண்டாவது ஆஸிலேட்டரை 33ல் வைத்தால் கீழ்ப் பக்கப் பட்டையான எல்எஸ்பி, 57ல் வைத்தால் மேல் பக்கப் பட்டையான யுஎஸ்பி. மூன்று ஆஸிலேட்டரையும் எஸ்ஐ5351 என்ற ஒரே சிப் தருகிறது. அதை இயக்குவது ஒரு ஆர்டுயினோ நானோ. இவ்வளவு சுருக்கமாக முடித்த சர்க்யூட்டுகள் குறைவு. பாராட்டிவிட்டுத்தான் குறைக்குப் போக வேண்டும், ஏனென்றால் குறையும் அதே சுருக்கத்திலிருந்துதான் வந்தது.

43 டெசிபெல் என்றால் எவ்வளவு

அமெரிக்க விதிப்படி, 2003 ஜனவரி 1க்குப் பிறகு நிறுவப்பட்ட, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் அமெச்சூர் டிரான்ஸ்மிட்டரின் வேண்டாத வெளியீடு, பேசும் சிக்னலைவிட 43 டெசிபெல்லாவது கீழே இருக்க வேண்டும். 43 டெசிபெல் என்பது சுமார் 20,000ல் ஒரு பங்கு. 10 வாட் ரிக்குக்கு அரை மில்லிவாட்.

அரை மில்லிவாட்டுக்கு இத்தனை கவலையா என்று தோன்றலாம். 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவரின் மூன்றாம் ஹார்மோனிக் 21.3ல் விழும். அது 15 மீட்டர் ஹாம் பேண்டுக்கு நடுவே இருக்கிறது. 40 மீட்டருக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, வெட்டிய அரை அலை டைபோல் 21 மெகாஹெர்ட்ஸிலும் நன்றாகவே ரெசனன்ஸ் ஆகும். ஆக ரிக் விட்ட ஹார்மோனிக்கை ஆன்டெனா கொஞ்சமும் தடுப்பதில்லை, ஆசையோடு வெளியே அனுப்புகிறது. 30 டெசிபெல்தான் அடங்கியிருக்கிறது என்றால் 10 மில்லிவாட் 21.3ல் போகிறது. பேண்ட் திறந்திருக்கும் நாளில் அது அடுத்த ஊரோடு நிற்காது.

இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்யும் புஷ்புல் இறுதிக் கட்டம் இரட்டைப்படை ஹார்மோனிக்கைத் தானே ஓரளவு அடித்துவிடும். மைக்ரோபிட்எக்ஸில் இரண்டு ஐஆர்எஃப்510 அப்படித்தான் இருக்கின்றன. அதனால் கவனிக்க வேண்டியவர் மூன்றாமவர்.

முதல் குறை: வாசலில் கசிவு

இறுதிக் கட்டத்துக்குப் பின்னால் நான்கு லோபாஸ் ஃபில்டர்கள் இருக்கின்றன. 21 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் 35 மெகாஹெர்ட்ஸ் வரை விடும் ஃபில்டர். 14 முதல் 21 வரை இன்னொன்று, 7க்கு மேலே இன்னொன்று, அதற்கும் கீழே 80 மீட்டருக்கானது. மூன்று ரிலேக்கள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒவ்வொரு ரிலேயும் இரண்டு ஜோடித் தொடர்பு கொண்டது. ஒரு ஜோடி ஃபில்டரின் நுழைவாயிலை மாற்றும், மற்ற ஜோடி வெளிவாயிலை மாற்றும். ரிலே எண்ணிக்கையில் பாதி மிச்சம், போர்டில் இடமும் மிச்சம்.

சிக்கல் ரிலேவின் உள்ளே. வடிகட்டாத சிக்னல் தாங்கும் தொடர்பும் வடிகட்டிய சிக்னல் தாங்கும் தொடர்பும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே நிற்கின்றன. நடுவே தடுப்பு இல்லை. காற்றும் பிளாஸ்டிக்கும்தான். அது ஒரு சிறு கெப்பாசிட்டர்.

அந்த இடைவெளியை 1 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 10.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது 3.6ன் மூன்றாம் ஹார்மோனிக்கில், அதன் தடை ஏறக்குறைய 14,700 ஓம். இரு பக்கமும் 50 ஓம் என்றால் அந்த வழியாகப் போகும் சிக்னல் 43 டெசிபெல் குறையும். 21.3ல் தடை சுமார் 7,500 ஓமாக இறங்குகிறது, குறைவு 37 டெசிபெல்தான். ஏழு பாகங்கள் கொண்ட நல்ல லோபாஸ் ஃபில்டர் மூன்றாம் ஹார்மோனிக்கை 60, 70 டெசிபெல் அடிக்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் பக்கத்திலேயே 37 டெசிபெல் கொண்ட சந்து ஒன்று திறந்திருந்தால் ஃபில்டரின் 70க்கு மதிப்பில்லை. தண்ணீர் சுலபமான வழியைத் தேடுவதைப் போலத்தான் ரேடியோ அலையும். மூன்று ரிலே, அவற்றுக்குக் கீழே ஒன்றை ஒன்று ஒட்டி ஓடும் டிராக்குகள் எல்லாம் சேரும்போது கசிவு ஒரு பிக்கோஃபாரட்டோடு நிற்காது.

கசிவு கெப்பாசிட்டன்ஸால் வருவதால் அதிர்வெண் கூடக்கூட மோசமாகும். நல்ல ஃபில்டர் இதற்கு நேர்மாறு, மேலே போகப்போக இன்னும் அடக்கும். இதையே நோய் கண்டுபிடிக்கும் வழியாகவும் வைத்துக்கொள்ளலாம். அனலைசரில் மூன்றாம் ஹார்மோனிக்கும் ஐந்தாம் ஹார்மோனிக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றால், ஃபில்டரின் பாகத்தை மாற்றிப் பயனில்லை. வழியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை: எதிர்த்திசையில் நகரும் ஸ்பர்

28.5 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பியில் பேசும்போது 16.5ல் ஒரு சிக்னல் தெரியும். 21.2ல் பேசினால் 23.8ல். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எப்போதும் 45. இந்த ஒரு கூட்டல் போதும், குற்றவாளி முதல் ஐஎஃப் என்று தெரிந்துவிடும்.

பேசும்போது 12 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 45க்கு ஏறி, கிறிஸ்டல் ஃபில்டரைத் தாண்டி, 45 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயரில் பெருகி, முதல் மிக்ஸருக்குப் போகிறது. அந்த ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் மிகுதியாக ஓட்டப்பட்டால் 45ன் இரண்டாம் ஹார்மோனிக்கான 90ம் உருவாகும். 28.5க்கு முதல் ஆஸிலேட்டர் 73.5. அதிலிருந்து 45 கழித்தால் நமக்கு வேண்டிய 28.5. கூடவே 90லிருந்து 73.5 கழித்தால் 16.5ம் வரும். டையோடு மிக்ஸர் சரிசமமாக இல்லாவிட்டாலும் இதே விளைவுதான். கிறிஸ்டல் ஃபில்டர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருக்கிறது, ஆகவே பின்னால் பிறந்த 90ஐ அது பார்க்கவே இல்லை. 16.5 என்பது 30க்குக் கீழே என்பதால் மிக்ஸருக்குப் பின்னுள்ள ஃபில்டரும் விட்டுவிடும், வெளிவாயிலிலுள்ள 35 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரும் விட்டுவிடும். 14.2ல் பேசும்போது இதே ஸ்பர் 30.8ல் விழுவதால் அந்த பேண்டின் லோபாஸ் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. 21 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் காப்பாற்ற ஆள் இல்லை.

ஹார்மோனிக்கையும் இந்த ஸ்பரையும் பிரித்தறிவது சுலபம். டயலை 10 கிலோஹெர்ட்ஸ் மேலே திருப்புங்கள். இரண்டாம் ஹார்மோனிக் 20 மேலே போகும், மூன்றாவது 30 மேலே போகும். ஸ்பர் 10 கீழே இறங்கும். டயலைத் தொடாமல் மைக்கில் கொடுக்கும் டோனை மட்டும் 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2க்கு உயர்த்தினால் பேசும் சிக்னல் 1 கிலோஹெர்ட்ஸ் நகர, ஸ்பர் 2 நகரும். அதனால்தான் ஸ்பரில் கேட்கும் பேச்சு இரண்டு மடங்கு அகலமாக, ஒரு சொல்லும் புரியாத கரகரப்பாக இருக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மோர்ஸ் கீயை அழுத்தி அளந்தால் இந்த ஸ்பர் தெரியாது. மோர்ஸ் அனுப்பும்போது மென்பொருள் மற்ற இரண்டு ஆஸிலேட்டரையும் அணைத்துவிட்டு, முதல் ஆஸிலேட்டரையே நேராக பேசும் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்து, மிக்ஸரின் சமநிலையைக் கலைத்து கேரியரை வெளியே விடுகிறது. 45 மெகாஹெர்ட்ஸ் என்பதே அப்போது ரேடியோவுக்குள் இல்லை. கீயை அழுத்திப் பார்த்துவிட்டு “என் போர்டில் ஸ்பர் இல்லை” என்று முடிவு கட்டினால் அது பாதி அளவை மட்டுமே. எஸ்எஸ்பியில் டோன் கொடுத்து இன்னொரு முறை அளக்க வேண்டும்.

10 மீட்டரில் இந்த ரிக்கின் வெளியீடு இயல்பாகவே சில வாட்டுக்கு இறங்கிவிடும். அதை ஈடுகட்ட மைக் கெயினை ஏற்றும் பழக்கம் உண்டு. ஸ்பருக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஐஎஃப் சிக்னல் 1 டெசிபெல் ஏறினால் ஸ்பர் 2 டெசிபெல் ஏறும்.

அளப்பது எப்படி

அளவைதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். தவறாக அளந்துவிட்டு நல்ல போர்டை வெட்டியவர்களும் உண்டு.

முதலில் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாக ரிக்கின் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம். 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்ஸைடு ரெசிஸ்டர் 20 வாங்கி, இரண்டு செப்புத் தகடுகளுக்கு இடையே பக்கத்தில் பக்கமாகப் பற்றவையுங்கள். 50 ஓம், 40 வாட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் முடிந்துவிடும். வயர்வவுண்டு ரெசிஸ்டர் வேண்டாம். அது காயில் போலச் சுற்றப்பட்டிருப்பதால் 30 மெகாஹெர்ட்ஸில் 50 ஓமாக இருக்காது. கால்களை வெட்டி, கூடியவரை குட்டையாக வையுங்கள்.

அடுத்து அனலைசருக்குச் சிக்னல் எடுக்கும் டேப். 2.4 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்து, டம்மி லோடின் சூடான முனையிலிருந்து 50 ஓம் கேபிளின் நடுக் கம்பிக்குக் கொடுங்கள். 40 டெசிபெல் குறைந்து வரும். 10 வாட் என்றால் அனலைசர் பக்கம் சுமார் 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். ஒரே 4.7 கிலோ ஓம் போட்டாலும் கணக்கு சரிதான், ஆனால் ஒற்றை ரெசிஸ்டரின் உடலைத் தாண்டும் கெப்பாசிட்டன்ஸ் அதிர்வெண் ஏறும்போது ஹார்மோனிக்கைக் கூடுதலாகக் காட்டும். இரண்டைத் தொடராக்கினால் அது பாதியாகும்.

டைனிஎஸ்ஏ போன்ற சிறு அனலைசருக்கு 0 டிபிஎம் அதிகம். உடையாது என்றாலும் அதன் உள்ளே இருக்கும் மிக்ஸரே ஹார்மோனிக் உண்டாக்கத் தொடங்கும். இடையில் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் போட்டு -30 டிபிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். திரையில் தெரிவது ரிக்கின் ஹார்மோனிக்கா, கருவியின் ஹார்மோனிக்கா என்ற சந்தேகம் வந்தால் இன்னும் 10 டெசிபெல் சேருங்கள். எல்லாக் கோடுகளும் சமமாக 10 இறங்கினால் அவை உண்மையானவை. ஹார்மோனிக் மட்டும் 20 அல்லது 30 இறங்கினால் அது கருவி சொன்ன பொய்.

இன்னொரு சோதனையும் கட்டாயம். டேப் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு ரிக்கை ஓட்டுங்கள். அனலைசரில் அப்போதும் சிக்னல் தெரிந்தால் கேபிள் ஆன்டெனாபோலக் காற்றிலிருந்து பிடிக்கிறது. டேப்பை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்த பிறகே எண்களை நம்பலாம்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற, கணினியில் செருகும் ரிசீவர் டாங்கிளை வைத்து அளக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நேரடி சாம்ப்ளிங்கில் அது 28.8 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்கிறது. 14.4க்கு மேலுள்ள எதுவும் மடிந்து கீழே விழும். 21.3ல் உள்ள மூன்றாம் ஹார்மோனிக் திரையில் 7.5ல் வந்து நிற்கும். அது புரியாமல் 7.5ல் ஒரு ஸ்பரைத் துரத்திக்கொண்டிருப்போம்.

அளக்கும் முன் பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது இறுதிக் கட்டத்தில் ஓடும் கரண்ட், சரியாக இருக்க வேண்டும். இறுதிக் கட்டத்துக்கான 12 வோல்ட் தனிக் கம்பியில் வருவதால் அதில் ஆம்மீட்டரைத் தொடராக இணைப்பது எளிது. அதைத் திருத்தும் ஆர்வி2, ஆர்வி3 குமிழ்கள் இரண்டையும் மீட்டர் அசையாத ஓரத்துக்குத் திருப்பி, மைக்கில் சத்தம் போகாதபடி பேசும் சுவிட்சான பிடிடியை அழுத்துங்கள். ஒன்றைத் திருப்பி 100 மில்லிஆம்பியர் ஏற்றுங்கள். பிறகு மற்றதைத் திருப்பி இன்னொரு 100. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பயாஸ் சரியாக இருந்தால் புஷ்புல்லின் சமநிலை போய், இரண்டாம் ஹார்மோனிக் உயரும். அதற்கு ரிலேவைக் குறை சொல்லக்கூடாது. ஐஆர்எஃப்510ன் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது. ஹீட்சிங்க் பெட்டியைத் தொட்டால் அந்த நொடியே சப்ளை ஷார்ட் ஆகும். இரண்டு ஹீட்சிங்குகளும் ஒன்றையொன்று தொட்டால் வெளியீடு ஷார்ட் ஆகும்.

சரிசெய்வது

ஒரே பேண்டில் பேசுபவருக்கு மிக எளிய வழி, வெளியே ஒரு லோபாஸ் ஃபில்டர். போர்டில் கத்தி வைக்க வேண்டாம். 40 மீட்டருக்கு ஏழு பாகங்கள். இரு ஓரங்களிலும் தரைக்கு 270 பிக்கோஃபாரட், உள்ளே இரண்டு இடங்களில் 680 பிக்கோஃபாரட். முதல் காயிலும் மூன்றாவது காயிலும் 1.38 மைக்ரோஹென்றி, நடுக்காயில் 1.7 மைக்ரோஹென்றி. டி50-6 டொராய்டில் ஓரக் காயிலுக்கு 19 சுற்று, நடுவுக்கு 21 சுற்று. 24 எஸ்டபிள்யூஜி எனாமல் கம்பி 45 சென்டிமீட்டர் வெட்டினால் ஒரு காயிலுக்குப் போதும். சுற்றுகளைச் சற்றுப் பரத்தி வைத்தால் மதிப்பு கொஞ்சம் இறங்கும், நெருக்கினால் ஏறும். நுண்திருத்தம் அப்படித்தான்.

பழுதாகும் இடங்கள் இரண்டு. டி50-6 மஞ்சள் நிறம். அதே அளவில் சிவப்பு நிறத்தில் வருவது டி50-2. மஞ்சளுக்குப் பதில் சிவப்பில் 19 சுற்று போட்டால் 1.44க்குப் பதிலாக 1.77 மைக்ரோஹென்றி வந்துவிடும். ஃபில்டரின் வெட்டு அதிர்வெண் கீழே இறங்கி 7.1ஐயே தின்னத் தொடங்கும். வெளியீடு குறைந்து ஃபைனல் சூடேறினால் முதலில் டொராய்டின் நிறத்தைப் பாருங்கள். மற்றது கெப்பாசிட்டர். சி0ஜி என்றோ என்பிஓ என்றோ குறித்த செராமிக், அல்லது சில்வர் மைக்கா, 100 வோல்ட் தாங்குவது வேண்டும். கடையில் பெயரில்லாமல் கிடைக்கும் டிஸ்க் செராமிக் ஆர்எஃப் கரண்டில் சூடாகி மதிப்பு மாறும். அனுப்ப ஆரம்பித்தபோது நன்றாக இருந்த எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) அரை நிமிடத்தில் ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலால் தொட்டே கண்டுபிடிக்கலாம், ரிக்கை அணைத்த பிறகு.

வைக்கும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். போர்டில் நடந்த தவறையே வெளிப்பெட்டியிலும் செய்துவிட மிகவும் எளிது. உள்ளே வரும் சாக்கெட் ஒரு ஓரத்திலும் வெளியே போகும் சாக்கெட் எதிர் ஓரத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், கசிவும் திரும்ப வரும். அடியில் முழுச் செப்புத் தளம், கெப்பாசிட்டரின் தரைக் கால் நேராக அதில், பக்கத்துப் பக்கத்து டொராய்டுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. முடித்தபின், ஃபில்டர் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் நானோவிஎன்ஏயில் பாருங்கள். 7.1ல் இழப்பு அரை டெசிபெல்லுக்குள், 14.2ல் 40 டெசிபெல் அளவுக்கு அடங்க வேண்டும். 21ல் இன்னும் கீழே போயிருக்க வேண்டும். 14ல் 40 காட்டி 21லும் 40லேயே நின்றால், ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ஒரு வழி இருக்கிறது.

இந்தப் பெட்டியைப் போட்ட ரிக்கை 14 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பிப் பிடிடியை அழுத்தக்கூடாது. ஃபில்டர் முழு சக்தியையும் திருப்பி அனுப்பும், ஐஆர்எஃப்510 தாங்காது. பெட்டியின் மேல் பெரிதாக “40” என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

எல்லா பேண்டும் வேண்டும் என்பவர் ரிலேவைத் தொட்டே ஆக வேண்டும். தொடர்பு ஜோடிகளுக்கு இடையே நல்ல தடுப்புள்ள ரிலேவாக மாற்றினால் சில டெசிபெல் கிடைக்கும். போர்டு வரம்பை ஒட்டி நின்றால் அதுவே போதும். இல்லையென்றால் நுழைவுக்கு ஒரு ரிலே, வெளிவாசலுக்கு வேறொரு ரிலே என்று பிரிக்க வேண்டும். வெளிவாசல் டிராக்கை வெட்டி, சிறு துணை போர்டில் புதிய ரிலேக்களை வைத்து, மெல்லிய கோஆக்ஸால் இணைப்பது. புதிய ரிலேவின் சுருளைப் பழையதோடு இணையாகப் போட்டு, அதன் மேல் ஒரு 1என்4148 டையோடை மறக்காமல் எதிர்த்திசையில் வையுங்கள். கோஆக்ஸின் உறையை இரு முனையிலும் தரையில் பற்றவைக்காவிட்டால் அந்தக் கோஆக்ஸே புது ஆன்டெனாவாகிவிடும். முடிந்தால் பயன்படாத ஃபில்டர்களின் முனைகள் தரைக்குப் போகும்படி தொடர்புகளை அமைக்கலாம். அந்தரத்தில் தொங்கும் ஃபில்டர் பக்கத்துக் காயிலிலிருந்து சிக்னலை வாங்கித் தரும்.

ஸ்பருக்கு வெளியே வைக்கும் லோபாஸ் ஃபில்டர் உதவாது, அது ஃபில்டர் விடும் எல்லைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 45 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் முதல் மிக்ஸருக்கும் இடையே 45ஐ விட்டு 90ஐத் தடுக்கும் சிறு ஃபில்டர் வைப்பது ஒரு வழி. செலவே இல்லாத முதல் படி வேறு. மைக் கெயினைக் குறைத்து, டிரைவ் கட்டுப்பாடான ஆர்வி1ஐ அதற்கு ஈடாக ஏற்றுவது. ஆர்வி1 மிக்ஸருக்குப் பிறகு வருகிறது. அதைக் குறைத்தால் நல்ல சிக்னலும் ஸ்பரும் ஒரே அளவு இறங்கும், விகிதம் மாறாது. மிக்ஸருக்கு முன்னால் 6 டெசிபெல் குறைத்துப் பின்னால் 6 ஏற்றினால் வெளியீடு அப்படியே இருக்க, ஸ்பர் 6 டெசிபெல் அடங்கும். எந்தக் குமிழைத் திருப்புகிறோம் என்பதே மருந்து.

பழைய போர்டு வாங்குபவருக்கு

2019ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபர்ஹான் ரிலே இணைப்பையும் 45 மெகாஹெர்ட்ஸ் பகுதியையும் திருத்தினார். சர்க்யூட் படம் எல்லோர் கையிலும் இருந்ததால் குறையை அளந்தவர்களும் திருத்தம் கண்டவர்களும் வேறு வேறு நாட்டில் இருந்தும் ஒரே வரைபடத்தின் மேல் விரல் வைத்துப் பேச முடிந்தது. மூடிய ரிக்கில் இந்த ரிலேவை யாரும் கண்டிருக்கவே மாட்டார்கள். அந்தத் திறந்த மனத்துக்கு ஹாம்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் மூன்றாம், நான்காம் பதிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பை அடையாளம் காண ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். டிடிஏ2822 என்ற எட்டுக் கால் சிப் இருக்கும். ஒரு தயாரிப்பு வகையில் வந்த அந்தச் சிப்கள் 12 வோல்ட் கொடுத்ததும் புகைந்தன. 13.8 வோல்ட் சப்ளையில் இணைக்கும் முன் அந்தச் சிப்பின் சப்ளைக் காலுக்கு மட்டும் ஒரு 9 வோல்ட் ரெகுலேட்டர் போடுவது பாதுகாப்பு. நான்காம் பதிப்பில் சிப் போய், டிரான்சிஸ்டர்களால் ஆன ஆடியோ ஆம்ப்ளிஃபயர் வந்தது. ரிலே ஏற்பாடு மட்டும் பழையதே.

வாங்கியதும் ஆன்டெனாவில் போட வேண்டாம். டம்மி லோடில் 3.6, 7.1, 14.2, 21.2, 28.5 என ஐந்து இடங்களில், ஒவ்வொன்றிலும் கீயை அழுத்தி ஒரு முறை, 1 கிலோஹெர்ட்ஸ் டோனுடன் எஸ்எஸ்பியில் ஒரு முறை, 0 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை அனலைசரை ஓட்டிப் பத்துப் படங்கள் எடுத்து வையுங்கள். கீயில் 7.1ன் மூன்றாம் ஹார்மோனிக் எஸ்எஸ்பியைவிட உயரமாக இருந்தால் பயப்பட வேண்டாம். மோர்ஸில் எஸ்ஐ5351ன் சதுர அலை நேராகவே வருகிறது, அதன் 21.3 உள்ளேயுள்ள 30 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தாண்டி ஃபைனல் வரை போய்விடும். இரண்டில் மோசமான எண்ணை எடுத்து 43ஓடு ஒப்பிடுங்கள். திருத்தம் முடிந்ததும் மூடியைத் திருகிய பிறகு அதே பத்துப் படங்களைத் திரும்ப எடுக்க வேண்டும். உலோக மூடி காயில்களுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்போது எண்கள் இரண்டு மூன்று டெசிபெல் நகர்வது உண்டு.